இடப்பக்கக் கண்ணாடி

கோத்தகிரிக்காரனுக்கு வெயில்தாள் எதற்கு என்று
கடைக்காரர் கேட்கத்தான் செய்தார்.
வெளியே பகல் பதினொரு மணிக்கு
விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது பேருந்து.

அவருக்குத் திசைகளை விளக்கவில்லை.
செவ்வாயும் வெள்ளியும் கோவைக்கு இறங்குகிறோம்.
காலையில் தெற்கே போகையில்
கிழக்கு வெயில் இடப்பக்கம்.
மாலையில் வடக்கே திரும்புகையில்
மேற்கு வெயில், அதுவும் இடப்பக்கம்.
புஷ்பகாந்திக்கு இடது கையில்தான்
ஊசி இறங்கும் நரம்பை மேடாக்கி வைத்திருக்கிறார்கள்.
நான்கு மணிநேரம்
இரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்த கையிடம்
சூரியனுக்கு அப்படி என்ன பாக்கி?

இருப்பதிலேயே வெளிர்ந்த தாளாகக் கொடுங்கள் என்றேன்.
போலீஸ் பிடிப்பார்களா என்றும் கேட்டேன்.
அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஷாம்பு பாக்கெட் ஒன்று, ஒரு புட்டித் தண்ணீர், புது பிளேடு.
வழிக்கிற பலகைக்குக் காசு கொடுக்க மனமில்லை.
பழைய ஆஸ்பத்திரி அட்டை இருந்தது,
அவள் படம் தேயாமல் துணி சுற்றிக்கொண்டேன்.
போஜன் மகளின் ஹேர் டிரையருக்கு வயர் எட்டவில்லை,
காரைத் தள்ளிச் சமையலறை ஜன்னலோடு நிறுத்தினோம்.

தூசிதான் எதிரி என்பார்கள்.
அன்று காற்றில் ஒரு துகள் இல்லை,
எல்லாத் தூசியையும் நனைத்து
உட்கார வைத்திருந்தது மூடுபனி.
இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றேன்.
காயாது என்றாள்.

முதல் துண்டு, உறையை உரித்த கணமே
தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது.
பிரிக்கப் பிரிக்கச் சுருண்டது.
முந்நூறு ரூபாய்.
இரண்டாவதற்கு, நீ ஒரு முனையைப் பிடி என்றேன்.
இடது கையால் பாரம் தூக்கக் கூடாது.
இது பாரமா என்று கேட்டுவிட்டு
இரண்டு கையாலும் பிடித்தாள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு.
ஒரு குமிழியை விரட்டினால்
அது இரண்டாகப் போய் வேறிடத்தில் நின்றது.
பதினொன்று இருக்கிறது என்றாள் வெளியிலிருந்து.
ஒன்பது என்றேன் உள்ளிருந்து.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் விரல் போன வழியே
இந்தப்பக்கம் அட்டையைத் தேய்த்துக்கொண்டு போனேன்.
நான்கில் விட்டுவிட்டோம்.

ஒரு வாரம் கண்ணாடியை இறக்கக் கூடாது,
நல்ல வெயிலில் நிறுத்துங்கள்
என்றிருந்தது உறையின் பின்பக்கம்.
ஆடி மாதம்.
வெயிலுக்குப் பயந்து வாங்கிய தாளோடு
மூன்று நாள் வெயிலைத் தேடினோம்.
ஒருநாள் மதியம் இருபது நிமிஷம் வந்தது.
காரை அதற்கு நேராகத் திருப்புவதற்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை.
கையில் எலுமிச்சை, மூடிய கண்ணாடி.
குஞ்சப்பனைக்கு முந்தைய வளைவில்
என் முழங்காலை மூன்று முறை தட்டினாள்.
குமட்டும்போது பேசமாட்டாள்.
தாள் என்றேன்.
தாள் என்று சொன்ன வாயை
இன்னும் மன்னிக்கவில்லை நான்.
அவளே கைப்பிடியைச் சுற்றி இறக்கினாள்.
விடிகாலையில் அளந்து குடித்த
அரை டம்ளர் தண்ணீர்
சாலையோரம் போயிற்று.
வாயைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றியபோது
மேல் மூலை மடிந்து வந்தது,
கட்டைவிரல் அகலத்துக்கு.

மேட்டுப்பாளையத்தில் வெயில் தயாராக இருந்தது.
தாள் வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது.
நிழலில் கிடந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
யாரோ கொடுத்த பொருள் மாதிரி.
மடிந்த மூலை வழியே மட்டும்
ஒரு துண்டு வெளிச்சம் உள்ளே வந்து
அவள் மடியில், எலுமிச்சையில்,
சீட்டு இடுக்கில் என்று அலைந்தது.
காரமடை ரயில்வே கேட்டில் நின்றபோது
கியரைப் பிடித்திருந்த என் இடது கையில்
வந்து உட்கார்ந்தது.

கேட் திறக்க நேரமாயிற்று.
கையை எடுக்கவில்லை.
சுட்டது.